நம்ம ஊரில் இலை எப்போது விழும்?

ஐயா, வணக்கம். காட்பாடியில் யுகேஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த மாதப் பாடம் இலையுதிர் காலம். புத்தகத்தில் சிவப்பு இலைகள், வெளியே விடாத மழை. பெற்றோரும் கலர் பேப்பரில் இலை வெட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். “மிஸ், நம்ம ஊர்ல எப்போ இலை விழும்?” என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

தை, மாசியில் விழும் என்று அவனிடம் சொல்லுங்கள். அருமையான கேள்வி கேட்டிருக்கிறான்.

ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றார்கள் நம் முன்னோர். வாடையும் மழையும் சேர்ந்த காலம். அக்டோபரில் மரம் இலையை உதிர்ப்பது குளிர்நாடுகளில். லண்டனில் ஜூன் பகலைவிட டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் மேல் குறைவு. வேலூரில் அந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே பகல் சுருங்கி குளிர் ஏற ஏற, இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது.

நம்ம ஊர் மரங்களுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை, தண்ணீர்தான் கவலை. மழை நின்று மண் காயும்போது, இலை வழியாக ஈரம் போகாமலிருக்க இலையைக் கழற்றிவிடுகின்றன. எங்கள் தெருவில் ஒரு நாட்டு பாதாம் மரம் இருக்கிறது. போன மாசியில் அதன் இலை ஒன்றை என் பேத்தி எடுத்து வந்தாள். அவள் முகத்தையே மறைக்கும் அகலம். நுனியெல்லாம் குங்குமச் சிவப்பு, நடு நரம்பு மஞ்சள், காம்போரம் மட்டும் கொஞ்சம் பச்சை. “தாத்தா, இதுக்கு ஜுரமா?” என்றாள். “இல்லைம்மா, மரம் தண்ணியை மிச்சம் பிடிக்குது” என்றேன். அஞ்சு வயசுக்கு அது போதும். பச்சையம், நிறமி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது என்ன சொல்லித்தருவது? வேலூரைச் சுற்றி நிற்கும் மலைகளைக் காட்டுங்கள். சித்திரையில் வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்தவை இந்த மழையில் பச்சை கட்டும். திங்கட்கிழமைதோறும் ஜன்னலோரம் நிற்கவைத்து, மலை இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்டு, அதே நிற கிரேயானால் வரையச் சொல்லுங்கள். மழை விட்டதும் ஈரமண்ணில் ரயில் பூச்சி ஊரும், சில இடங்களில் சிவப்பு வெல்வெட் மாதிரி பட்டுப்பூச்சியும் வரும். நாங்கள் அதைத் தீப்பெட்டியில் அடைத்து வைத்துச் சாகடித்திருக்கிறோம், இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் குந்திப் பார்க்கட்டும், பிடிக்க வேண்டாம்.

அந்தக் கலர் பேப்பர் இலைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள். மாசியில் பாதாம் மரத்தடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், முதல் இலையைக் கேள்வி கேட்ட அந்தப் பையனையே பொறுக்கச் சொல்லுங்கள்.