மீட்டர் விளக்கும் ரூஃப் விளக்கும்: பழைய கார் கேள்வி-பதில்

மாருதி 800, 1998 மாடல். இரவில் டேஷ்போர்டு முழுக்க இருட்டு. என்ன செய்யலாம்?

பின்னால் பார்க்கிங் விளக்கு எரிகிறதா? அதை எழுதவே இல்லையே! பல பழைய வண்டிகளில் மீட்டர் விளக்குக்கும் பின்விளக்குக்கும் ஒரே ஃபியூஸ்தான். பின்விளக்கும் எரியாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பின்விளக்கு எரிந்தால் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் கப்ளரையும் (ஒயர்களைச் சேர்க்கும் இணைப்பான்) எர்த்தையும் (வண்டியின் பாடியோடு சேரும் ஒயர்) பாருங்கள். எல்லா பல்பும் ஒரே நாளில் ஃபியூஸ் போவது அபூர்வம். கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் இறங்குகிறது. டேங்க் மிதவை போய்விட்டதா?

மிதவைக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன சம்பந்தம்? எர்த் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள்.

பார்க்கிங் லைட் போட்டதும் 10 ஆம்ப் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. மெக்கானிக் 20 போட்டார். இப்போது போகவில்லை. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. இன்றைக்கே கழற்றுங்கள். மாதத்துக்கு நான்கு கடிதமாவது இதே கேள்வியோடு வருகிறது. ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற வைத்ததல்ல, ஒயரைக் காப்பாற்ற வைத்தது. பார்க்கிங், நம்பர் பிளேட், மீட்டர் பல்புகள் எல்லாம் சேர்ந்தாலும் மூன்று ஆம்ப் தாண்டாது. அப்படியிருந்தும் 10 போகிறதென்றால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது. 20 போட்டதால் அந்தக் கோளாறு போய்விடவில்லை. ஃபியூஸுக்குப் பதில் இனி ஒயர் சூடாகும். சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள் சுற்றிய ஃபியூஸோடு என்னிடம் வந்த ஒரு வண்டியில், டேஷ்போர்டுக்குள் ஒயர்க்கட்டு முழுவதும் உருகி ஒன்றாக ஒட்டிக் கிடந்தது. உள்ளே குழந்தைகள் உட்காரும் வண்டி அது.

கோளாறைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்த ஃபியூஸில் ஓடும் பல்புகளையெல்லாம் கழற்றுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயர் வைத்து இணைத்து, பார்க்கிங் சுவிட்சைப் போடுங்கள். அது பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. ஒவ்வொரு கப்ளராகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரித்ததும் அணைகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். நான் அதிகம் பார்த்தது இரண்டு இடங்கள்: டிக்கி கீல் வழியாக நம்பர் பிளேட்டுக்குப் போகும் ஒயர், ஆடியோ மாற்றும்போது வெறும் டேப் சுற்றி விட்டுப்போன விளக்கு ஒயர். டேப்பின் பசை வெயிலில் இளகி அவிழ்ந்துவிடும். ஒயரைச் சால்டர் வைத்து (ஈயப் பற்று) மேலே ஸ்லீவ் (காப்புக் குழாய்) போடச் சொல்லுங்கள். கோளாறைச் சரிசெய்த பிறகு பழையபடி 10 ஆம்ப் மட்டும்தான்.

கதவைச் சாத்தினாலும் ரூஃப் விளக்கு அணையவில்லை.

விளக்கின் சுவிட்ச் நடு நிலையில் இருக்கிறதா? இருந்தால் கதவுத் தூணில் உள்ள அமுக்கு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பாருங்கள். எதை அமுக்கும்போது அணைகிறதோ, அதன் ரப்பர் தேய்ந்திருக்கும். அணையவே இல்லையென்றால் கழற்றிப் பாருங்கள், ஒயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். தள்ளிப்போடாதீர்கள். 10 வாட் பல்பு ஓர் இரவு எரிந்தால் 35 ஆம்ப்-அவர் பேட்டரியில் ஏறக்குறைய கால்வாசி காலி.

மீட்டரில் எல்லா பல்பையும் எல்இடி ஆக்கினேன். இரண்டு எரியவில்லை. பேட்டரியும் சரியாக சார்ஜ் ஏறவில்லை.

எரியாத இரண்டைத் திருப்பிப் போடுங்கள். எல்இடிக்குத் திசை உண்டு. மீட்டரில் பேட்டரி படம் போட்ட சார்ஜிங் விளக்கு விஷயம் வேறு. பல பழைய வண்டிகளில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் மின்சாரம் தரத் தொடங்குவதே அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தால்தான். எல்இடி அந்த அளவு விடாது. அந்த இடத்தில் மட்டும் பழைய இழை பல்பையே போடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மீட்டரைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ்.

மீட்டரில் 5 வாட் பல்பு போட்டால் வெளிச்சம் கூடுமே?

கூடும், பிளாஸ்டிக்கும் உருகும். பழைய பல்பின் அடியில் அச்சிட்டிருக்கும் வாட்டையே போடுங்கள்.