பீனிசமா, வேறொன்றா? வாசகர் கேள்விகளுக்குக் காது மூக்கு தொண்டை வைத்தியரின் பதில்கள்

பெரும்போக அறுவடை தொடங்கி வயல் தூசு ஊருக்குள் வரும் நாட்களில் மூக்கைப் பற்றிய கடிதங்கள் கூடுவது வழமை. இம்முறை வந்தவற்றுள் பலவற்றில் எழுதியவரின் வயதும் இல்லை, நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்ற விபரமும் இல்லை. "எனக்குப் பீனிசம், மருந்து எழுதவும்" என்ற ஒற்றை வரிக்கு எவராலும் பொறுப்பான பதில் எழுத முடியாது என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டேன். பீனிசம் என்று நாம் சொல்வது முகத்தெலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் (சைனஸ்) அழற்சியை.

கேள்வி: முகத்தெலும்புகளுக்குள் காற்றறைகள் எதற்காக இருக்கின்றன? மண்டையின் பாரத்தைக் குறைப்பதற்காக என்று எழுதினால் சரியா? (உயர்தர உயிரியல் மாணவி, களுவாஞ்சிகுடி)

புள்ளி கிடைக்கலாம், ஆனால் அந்த விளக்கம் பலவீனமானது. கன்னம், நெற்றி, இரு கண்களுக்கும் இடைப்பட்ட தேன்வதை போன்ற பகுதி, மண்டையின் அடித்தளத்திலுள்ள ஆப்பெலும்பு ஆகிய நான்கு இடங்களிலும் சோடி சோடியாக அமைந்த இவ்வறைகளுள் மிகப் பெரியதான கன்ன அறையே ஏறத்தாழ 15 மில்லிலீற்றர், அதாவது மூன்று தேக்கரண்டி காற்றைத்தான் கொள்ளும். அவ்விடத்தை எலும்பு நிரப்பியிருந்தாலும் கழுத்துக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. குரலுக்கு முழக்கம் தருவதற்காக என்பதும் அப்படித்தான். இவற்றைவிட உறுதியான சான்றுள்ள செய்தி ஒன்று உண்டு: இவ்வறைகளின் சீதமென்சவ்வு நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை ஏராளமாக உண்டாக்குகிறது என்று சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 1995 இல் காட்டினார்கள். அவ்வாயு கிருமிகளை அடக்குகிறது. மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலின் குருதிக்குழாய்களை விரியச் செய்கிறது. வாயை மூடி ரீங்காரமிடும்போது மூக்கிலிருந்து வெளிவரும் அவ்வாயு 15 மடங்கு அளவுக்குக் கூடுகிறது என்பதும் அதே குழுவினர் 2002 இல் கண்டதே. ரீங்காரமிட்டால் பீனிசம் தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்ரேயில் கன்னத்தில் நீர் நிற்பதாகச் சொன்னார்கள். ஊசியால் எடுத்துவிட்டால் சுகமாகுமா? (ஏறாவூர்)

முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கையில் வாவி நீரை வாளியால் இறைப்பவர் உண்டா? கன்ன அறையின் வாசல் கீழே இல்லை, உட்சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. ஆகவே சீதம் தானாக வடிந்துவிடாது. செக்கனுக்குப் பத்துப் பதினைந்து தடவை அசையும் நுண்ணிய பிசிர்கள்தான் அதை மேல்நோக்கித் தள்ளி அந்தச் சில மில்லிமீற்றர் வாசல் வழியாக மூக்கினுள் சேர்க்கின்றன. கீழே புதிதாக ஒரு துளையிட்டாலும் சீதம் அத்துளையைத் தாண்டிப் பழைய வாசலையே நாடிச் செல்லும் என்பதை ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து வைத்தியர் மெசர்க்ளிங்கர் காட்டிய பின்னரே, அறையைச் சுரண்டுவதை விடுத்து வாசலைத் திறக்கும் இன்றைய அகநோக்கி (எண்டொஸ்கோப்)ச் சத்திரசிகிச்சை வளர்ந்தது. உங்களுக்கு முதலில் வேண்டியவை வாசலின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்ரீரொயிட் ஸ்பிரேயும் உப்பு நீர்க் கழுவலுமே. இரண்டையும் சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். சாதாரணத் தடிமனிலும் பெரும்பாலானோரின் காற்றறைகள் படத்தில் மங்கலாகத்தான் தெரியும் என்பதால், எக்ஸ்ரே படங்களைக் கைபேசியில் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது. அன்டிபயோட்டிக் எடுக்கலாமா? (செங்கலடி)

நிறம் உங்கள் வெண்குருதிக் கலங்களிலுள்ள ஒரு நொதியத்தினுடையது. அது பக்டீரியாவுக்குச் சாட்சி அன்று. 10 நாள் கடந்தும் குறையாவிட்டால், அல்லது குறைந்து மீண்டும் மோசமானால், அல்லது தொடக்கத்திலிருந்தே கடுங்காய்ச்சலும் முகவலியும் மூன்று நான்கு நாள் நீடித்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

கேள்வி: பத்து வருடமாகப் பீனிசத் தலையிடி. வெயிலில் நின்றாலும், சாப்பாடு பிந்தினாலும், நித்திரை குறைந்தாலும் கண்ணைச் சுற்றி இடிக்கும்; ஓங்காளமும் வரும். மூக்கிலும் நீர் வடியும். மூக்குத்துளி விட்டால்தான் படுக்க முடிகிறது. (ஆசிரியை, 34 வயது, கல்முனை)

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதில் பீனிசம் எங்கே இருக்கிறது? சீழ்ச்சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மணம் தெரியாமற் போனதாகவும் நீங்கள் எழுதவில்லை. பட்டினி, வெயில், நித்திரைக் குறைவு ஆகியவற்றால் தூண்டப்பட்டு ஓங்காளத்தோடு வரும் தலையிடிக்குப் பெயர் மைக்ரேன். நம் பகுதியில் கண்ணுக்கு மேலே வலித்தால் பீனிசம், தலை முழுகிய பின் வலித்தால் பீனிசம், பரீட்சைக்கு முதல் நாள் வலித்தாலும் பீனிசம் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம்; வைத்தியர்களாகிய நாங்களும் நேரமில்லாத வேளைகளில் அதற்குத் தலையசைத்துவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமக்குச் சைனஸ் தலையிடி என்று நம்பிய ஏறத்தாழ 3000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004 இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலையிடியே. மூக்கு வடிவதால் குழம்ப வேண்டாம். முகத்துக்கும் காற்றறைகளுக்கும் உணர்ச்சி தரும் முக்கூர் நரம்பே மைக்ரேனிலும் கிளர்ச்சியடைவதால், கண் கலங்குவதும் மூக்கு ஒழுகுவதும் அந்நோயின் பகுதியே.

துளி மருந்துக்கு வருவோம். சைலோமெற்றசோலின் போன்ற துளிகள் வீங்கிய சவ்வின் குருதிக்குழாய்களைச் சில மணி நேரம் சுருக்குகின்றன. ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து தெளிந்ததும் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். அதற்காக மீண்டும் துளி, மீண்டும் வீக்கம். பாமசியில் கேட்டவுடன் கிடைப்பதாலேயே அது பாதுகாப்பானதாகிவிடாது. இத்துளியால் மட்டுமே மூக்கடைத்து, அதற்கும் பீனிசம் என்று பெயர் சூட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தவர்களை என் கிளினிக்கில் நிறையவே பார்த்திருக்கிறேன். துளியை நிறுத்துங்கள், முதல் ஓரிரு வாரம் கடினமாகத்தான் இருக்கும். தலையிடி வரும் நாட்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டு மருத்துவ கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு நெற்றியில் பீனிசம் என்கிறார்கள். (வாழைச்சேனை)

நெற்றி அறை அந்த வயதில் நோய் கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை. ஏழெட்டு வயதில்தான் உருப்பெறும். ஆனால் கண்களுக்கு இடைப்பட்ட அறைகள் பிறக்கும்போதே உண்டு. கண்ணுக்கும் அவற்றுக்கும் நடுவே இருப்பது கடதாசி போன்ற எலும்பு என்பதால், காய்ச்சலோடு கண்மடல் வீங்கினால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: தடிமனோடு சுழியோடலாமா? துளி விட்டுக்கொண்டு இறங்கலாம் என்கிறார்கள். (பாசிக்குடா)

கூடாது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகிறது. 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் கிடக்கும் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஆறு மடங்கைத் தாண்டும். வாசல் அடைத்த அறையினுள் காற்று சுருங்க, அவ்வெற்றிடத்தைச் சவ்வு வீங்கியும் குருதி கசிந்தும் நிரப்பும். துளி விட்டு இறங்குவது இன்னும் மோசமானது: ஆழத்தில் இருக்கும்போது மருந்து தெளிந்துவிட்டால், மேலேறுகையில் விரியும் காற்றுக்கு வெளியேற வழி இராது.

கேள்வி: தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது மூக்கினுள் நீர் எடுப்பது பீனிசத்தைக் கூட்டுமா? (காத்தான்குடி)

கூட்டாது. அந்நீர் மூக்கின் முற்பகுதியோடு நின்றுவிடும், காற்றறைக்குள் போவதில்லை. தாங்கியைத் துப்புரவாக வைத்து, நீரை மெதுவாக எடுங்கள்; உள்ளே ஆழமாக உறிஞ்ச வேண்டாம். பீனிசத்துக்காக மூக்கைக் கழுவுவது வேறு. அதற்குக் கிணற்று நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தாலும் கொதிக்கவைத்து ஆற்றித்தான் பயன்படுத்த வேண்டும். 250 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போதும். 2011 இல் அமெரிக்காவின் லூசியானாவில் கொதிக்காத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தனர். அபூர்வம்தான், ஆனால் தப்பியவர்கள் அதைவிட அபூர்வம்.

கேள்வி: ஒரு பக்க மூக்கில் மட்டும் மாதக்கணக்காக நாற்றமுள்ள சளி. (அக்கரைப்பற்று)

மேல்வாய்க் கடைவாய்ப்பற்களின் வேர்கள் கன்ன அறையின் தரையைத் தொட்டு நிற்கின்றன. முதலில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல்லில் குறையில்லை என்றால் அதோடு விட்டுவிடாமல் மூக்கினுள் அகநோக்கி விட்டுப் பார்க்கவேண்டும். அதுவும் சளியில் குருதி கலந்திருந்தால் இந்தக் கிழமையே.