விடுதி மூடும் மாதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். தங்கியிருப்பது அரசின் சமூகநீதி விடுதியில். அறைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. போன் ரீசார்ஜ், சோப்பு, ஜெராக்ஸ் எல்லாம் அதில்தான்.

இன்னும் இரண்டு வாரத்தில் செமஸ்டர் தேர்வு முடிகிறது. விடுதியை மூடிவிடுவார்கள். திரும்பத் திறக்க ஜூன் பாதி ஆகிவிடும். வீட்டுக்குப் போக ஆசையாக இருக்கிறது. அம்மாவைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. ஆனால் நான் போனால் வீட்டில் ஒரு தட்டு கூடும் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. அப்பா இல்லை. அம்மா இப்போது மல்லாட்டை (வேர்க்கடலை) ஆயப் போகிறார். தங்கை பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மாமா வரச் சொல்கிறார். ஷிப்டுக்கு 450 தருவார்களாம். இங்கே ஒரு நிறுவனம் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் தருகிறது. சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு, சேர 2,000 கட்ட வேண்டும். வகுப்பு நண்பர்கள் கொடைக்கானல் போகிறார்கள், தலைக்கு 3,500. வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அது பொய். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை.

லீவு வருகிறது என்று சந்தோஷமாகவும் இருக்கிறது. வராமலே இருந்தால் தேவலை என்றும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

க.

*

அன்புள்ள தம்பி,

‘ஒரு தட்டு கூடும்’ என்ற வரியைத் தாண்டி உடனே படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் எழுந்துபோய்விட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

நானும் விடுதிப் பையன்தான். வருடத்தில் பத்து மாதம் நம் சாப்பாட்டை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. ஏப்ரல் கடைசியில் சமையல்கட்டைப் பூட்டியதும் அந்தச் செலவு நேராக வீட்டில் போய் இறங்குகிறது. வசதியான வீட்டுப் பையனுக்கு மே மாதம் என்றால் லீவு. நமக்கு அது நம் சோற்றைக் கணக்குப் பார்க்கும் மாதம். அந்தக் கணக்கு தெரிந்த பிள்ளைக்கு லீவை நினைத்து வயிறு கலங்கத்தான் செய்யும். வீட்டு ஏக்கமும் உண்மை, வீட்டுக்குப் போகத் தயக்கமும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை.

ஆனால் கணக்கை நீங்கள் போட்டிருக்கும் விதம் தப்பு. அதை என் அம்மாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

1999 மே மாதம். நானும் சென்னையில் படித்தேன், இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊர் ஓமலூர் பக்கம். டிரங்குப் பெட்டியோடு ஊருக்குப் போன முதல் நாளே ஒரு முடிவு எடுத்திருந்தேன். இரண்டாம் தடவை சோறு கேட்பதில்லை. ராத்திரி, “மதியம் சாப்பிட்டதே நிக்குதும்மா” என்பேன். மூன்று நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் ராத்திரி உட்கார்ந்தால், என் முன்னால் வழக்கமான அலுமினியத் தட்டைக் காணோம். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பெரிய எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது. அம்மா வழக்கம்போல ஒரே தடவைதான் போட்டாள். ஆனால் அந்தத் தாம்பாளத்தில் ஒரு தடவை போடுவது பழைய தட்டில் இரண்டரைத் தடவை. போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. தாம்பாளத்தைக் காலி பண்ணினேன். ஊரில் இருந்த வரைக்கும் அதில்தான் சாப்பிட்டேன்.

நீங்கள் குறைத்துச் சாப்பிட்டால் உங்கள் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும் தம்பி. உங்கள் வீட்டிலும் ரேஷன் அரிசி இருக்கும். குழம்புக்கும் எண்ணெய்க்கும்தான் காசு. அந்தச் செலவு எவ்வளவு என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எப்போது வருவாய் என்று கேட்கிறார். அதனால் முதலில் வீட்டுக்குப் போங்கள். பத்து நாள். வேலை தேட வேண்டாம், எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம். அவர் மல்லாட்டை ஆயப் போகிற இடத்துக்கு ஒருநாள் கூடப் போய் நிழலில் உட்காருங்கள். அம்மா உழைக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கிறவனுக்குப் படிப்பின் மேல் ஒரு பிடிப்பு வரும். எனக்கு வந்தது.

அப்புறம் திருப்பூர். போங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பெரிய தாம்பாளத்தில் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு நானும் அங்கேதான் போனேன். எனக்குக் கொடுத்தது பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வருகிற பனியனில் கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் அடித்தையலிலும் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கத்தரியால் அதையெல்லாம் நறுக்க வேண்டும். முனை அரைக்கால் அங்குலம் தவறினால் துணியில் ஓட்டை, பீஸ் ரிஜெக்ட். இரண்டாம் நாளே கட்டைவிரல் அடியில் தோல் உரிந்தது. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி, ராத்திரி சிந்தினால் அன்றைக்கு எந்த நிறத் துணியோ அந்த நிறத்தில் வரும். நீலம், மறுநாள் சிவப்பு. அந்த வருடங்களில் கோடையில் நொய்யல் ஆற்றில் ஓடியதும் சாயத் தண்ணீர்தான். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011-இல். ஷிப்டுக்கு 45 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் கவரில் கொடுப்பார்கள். முதல் கவரைப் பிரிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டே தூங்கினேன்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு ஷிப்ட் என்றால் 24 ஷிப்ட். 450 வீதம் 10,800 ரூபாய். மாமா வீட்டில் தங்கினாலும் சாப்பாட்டுக்கும் டீக்கும் போகவரவும் 3,500 ஒதுக்குங்கள். கையில் 7,300 நிற்கும். அதில் கொஞ்சம் அம்மாவுக்கு. மீதி உங்களுடையது, ஜூன் மாதத்துக்கு. ஜூனில் கல்லூரி திறக்கும்போது கட்டணம், நோட்டு, செருப்பு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், உங்களுக்கே தெரியும். முழுக் காசையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஜூனில் பாதியைத் திரும்பக் கேட்கிற நிலைமை வேண்டாம். நான் அப்படிச் செய்தேன். கேட்க வாய் வராமல், ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடப்புத்தகம் இல்லாமல் ஓட்டினேன்.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொல்வார்கள். காலை எட்டரைக்கு ஏறினால் இறங்க ராத்திரி எட்டரை ஆகும். வாரத்தில் இரண்டு நாள் பாருங்கள், போதும். நான் தினமும் பார்த்தேன். மூன்றாவது வாரம் காய்ச்சலில் படுத்து, கூடுதலாகச் சம்பாதித்தது முழுக்க மருந்துக்கே போனது.

இதைவிட முக்கியமான ஒன்று. சேரும்போதே கடைசி நாள் எது என்று சொல்லிவிட்டுச் சேருங்கள். எந்த நாள் எத்தனை ஷிப்ட் என்று போனில் எழுதி வையுங்கள். எனக்கு வேலை கொடுத்த கான்டிராக்டர், ‘சொல்லாமல் நிற்கிறாய்’ என்று கடைசி வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை ஷிப்டுகளும் சேர்ந்து முன்னூறு ரூபாய்க்கு மேல். மூன்று சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு நான்காவது சனிக்கிழமை வெறுங்கையாக பஸ் ஏறினேன். இன்றைக்கும் அது ஆறவில்லை. இப்போது நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ஒருவர் தானாக வேலையை விட்டு நின்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் மாமாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கேட்கிற இடத்தில் பெரியவர் ஒருவர் கூட நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில் எனக்கு யோசனையே இல்லை. வேண்டாம். வேலையும் வாங்கிக்கொண்டு 2,000 ரூபாயும் வாங்கிக்கொள்கிற இடத்தில் நீங்கள்தான் வாடிக்கையாளர். விடுதியும் மூடியிருக்கும்போது சென்னையில் இரண்டு மாத வாடகையை யார் கொடுப்பது? சான்றிதழ் வேண்டுமென்றால் நான் முதல்வன் திட்டத்தில் கட்டணமில்லாத படிப்புகள் இருக்கின்றன. நீங்கள் இயற்பியல் மாணவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இரண்டு மாதம். உதவித்தொகையும் உண்டு, பயணச் செலவும் உண்டு. இந்தக் கோடைக்கு நேரம் போய்விட்டது. அடுத்த கோடைக்கு இந்த வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். கல்லூரி திறந்ததும் உங்கள் துறைத் தலைவரைப் பார்த்து இதைக் கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. போடாமல் இருக்காதீர்கள்.

கடைசியாக, கொடைக்கானல்.

‘வீட்டில் விடமாட்டார்கள்.’ இந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று விதவிதமாகச் சொன்னேன். காசு இல்லாதவன் மாதத்துக்கு இப்படி நான்கு பொய் சொல்ல வேண்டி வருகிறது. சொன்னதையெல்லாம் ஞாபகம் வேறு வைத்துக்கொள்ள வேண்டும். போகாதது ஒரு வருத்தம் என்றால், நம் வீட்டைப் பற்றி நண்பர்கள் தப்பாக நினைத்துக்கொள்வது இன்னொன்று. உங்கள் அம்மாவை அவர்கள் இப்போது கண்டிப்பான பெண்மணி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பாவம், அவரிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.

கையில் காசே இல்லாதபோது 3,500 ரூபாய்க்குக் கொடைக்கானல் போக வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயமும். கடன் வாங்கிப் போனால் ஏரியைச் சுற்றும்போதும் கடன்தான் நினைவில் நிற்கும். ஆனால் அந்த நண்பர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், உங்களுக்கு நெருக்கமாக இருப்பார். ராத்திரி மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவரிடம் மட்டும் சொல்லுங்கள், “காசு இல்லடா, அதான் வரல” என்று. எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அதைச் சொல்ல நான்காவது செமஸ்டர் முடிய வேண்டியிருந்தது. நான் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கிட்டயும் இல்லடா, அண்ணன்கிட்ட வாங்கினேன்” என்றான். இன்றைக்கும் அவனோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன்.

ஜூனில் விடுதி திறந்ததும் எழுதுங்கள். நான்கு சனிக்கிழமையும் கவர் வந்ததா, அந்த நண்பரிடம் சொன்னீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எந்தத் தட்டில் சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்