பழைய வோல்வோ 240 வேகன்ல பேட்டரி லைட் மங்கலா எரியுதே, ஏன்?

டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட அந்த சிவப்பு லைட்டோட வேலை, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுத்துறப்போ கரண்ட் தயாரிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற பாகம்) கரண்ட் தருதா இல்லையானு சொல்றதுதான். பல்போட ஒரு பக்கம் பேட்டரில இருந்து வருது, இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டருக்குப் போகுது. சாவி போட்டதும் ஆல்டர்னேட்டர் சும்மா நிக்குறதால கரண்ட் பல்பு வழியா அங்க ஓடும், லைட் எரியும். எஞ்சின் ஓடி அங்க 14 வோல்ட் பக்கம் வந்துட்டா ரெண்டு பக்கமும் சமம், கரண்ட் ஓட வழியில்ல, அணைஞ்சிடும். மங்கலா எரியுதுன்னா ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு: பாசி பிடிச்ச கனெக்‌ஷன், லூஸ் எர்த், இல்ல ஆல்டர்னேட்டர் உள்ள டயோட் (கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடுற சின்ன பாகம்) போயிருக்கும்.

இதுல ஒரு சுவாரஸ்யம், பல்பு வழியா போற அந்த சின்ன கரண்ட்தான் ஆல்டர்னேட்டரையே முதல்ல உசுப்பி விடுது, கிணத்து மோட்டாருக்கு முதல்ல ஒரு குடம் தண்ணி ஊத்தி ஓட்டுவோமே அதே கதைதான், அதனால பல்பு ஃப்யூஸ் ஆனா சார்ஜே ஏறாம போகலாம்.

240-ல ஆல்டர்னேட்டர மாத்துறதுக்கு முன்னாடி எஞ்சின் பக்கம் வயர மெதுவா வளைச்சுப் பாருங்க. 80கள்ல வந்த பல வண்டில மேல்தோல் அப்பளம் மாதிரி உதிரும், உள்ள செம்பு பல்லைக் காட்டும்.

லைட் எரிஞ்சா உடனே பேட்டரி அவுட்னு புதுசு வாங்கிடுறாங்க, அது பேட்டரியோட ஆயுசை சொல்ற லைட்டே கிடையாது.