கணவாயின் மூளையில் அடினின் இருந்த இடத்தில் குவானின்: பிழையா, திருத்தமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இளமாணி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். குருநகரில் வாங்கிய கணவாயின் மூளையிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்து, அதைச் சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆக்கும் டி.என்.ஏ. பிரதி) ஆக்கி, பொற்றாசியம் கால்வாய்க்குரிய (கல மென்சவ்வினூடாகப் பொற்றாசியத்தைக் கடத்தும் புரதம்) பரம்பரையலகு ஒன்றின் எழுத்து வரிசையை வாசித்தேன். தரவுத்தளத்தில் அடினின் என்ற எழுத்து உள்ள மூன்று இடங்களில் எனக்குக் குவானின் என்ற எழுத்து வருகிறது. வாசிப்புப் பிழை என்கிறார்கள். தரவுத்தளத்தில் உள்ளபடி மாற்றிவிடலாமா?

பதில்: தொடாதீர்கள், பிள்ளை. ஆனால் ‘ஆர்.என்.ஏ. திருத்தம்’ (கலமே தன் ஆர்.என்.ஏ.யின் எழுத்தை மாற்றுவது) என்று இப்போதே அறிக்கையில் எழுதிவிடவும் வேண்டாம். அதற்கு முன் அதே கணவாயின் டி.என்.ஏ.யை வாசிக்க வேண்டும்.

தரவுத்தளத்தில் இருப்பது வேறொரு கணவாயின் வரிசை. சிலவேளை வேறு இனத்தினுடையதாகவும் இருக்கும். சந்தையில் ஒரே குவியலில் கிடக்கும் இரண்டு கணவாய்களுக்கிடையிலேயே ஒற்றை எழுத்து வேறுபாடுகள் உண்டு. ஆகவே மூளையை எடுத்த அதே கணவாயின் தசையிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, அதே பகுதியைப் பெருக்கி வாசியுங்கள். டி.என்.ஏ.யிலும் குவானின் என்றால் அது அந்தக் கணவாயின் பிறவி வேறுபாடு, விட்டுவிடலாம். டி.என்.ஏ.யில் அடினின் மட்டும் இருந்தால் விடயம் சூடுபிடிக்கிறது.

கலத்துக்குள் அடார் என்ற நொதியம், இரட்டை இழையாக மடிந்திருக்கும் ஆர்.என்.ஏ.யைப் பற்றி, அடினினின் அமைன் கூட்டத்தை நீக்கி அதை இனோசினாக்குகிறது. இறைபோசோம் இனோசினைக் குவானின் என்றே வாசிக்கும், நீங்கள் சி.டி.என்.ஏ. ஆக்கப் பயன்படுத்தும் நொதியமும் அப்படியே. டி.என்.ஏ. மாறுவதில்லை, புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறலாம். அடாரின் வேலை அடினினிலிருந்து குவானினுக்கு மட்டும்தான். வேறு மாற்றங்களும் கலந்து கிடந்தால் பெருக்கத்தில் வந்த பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நிற முகடாகக் காட்டும் வாசிப்பு வரைபடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். திருத்தம் பெரும்பாலும் எல்லாப் பிரதிகளிலும் நடந்து முடிவதில்லை. அதனால் ஒரே இடத்தில் அடினினின் பச்சை முகடும் குவானினின் கறுப்பு முகடும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். மென்பொருள் உயர்ந்ததை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடும். இதனால்தான் எழுத்து வரிசையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். ஆர்.என்.ஏ.யிலிருந்து சி.டி.என்.ஏ.யைப் புதிதாக இன்னொரு முறை செய்யுங்கள். தற்செயல் பிழை அதே இடத்தில் திரும்ப வருவது அரிது, திருத்தம் வரும். ஆர்.என்.ஏ.யோடு டி.என்.ஏ. ஒட்டியிருந்தால் பச்சை முகடு பொய்யாக உயரும், முன்கூட்டியே டி.என்.ஏ.யை அழிக்கும் நொதியமிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

உங்கள் முடிவு உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மனிதனில் புரதத்தை மாற்றும் திருத்தங்கள் ஒப்பீட்டளவில் மிகக் குறைவு. கணவாயின் உறவான ஸ்குவிட் ஒன்றின் நரம்புத் தொகுதியில் 2015இல் 50,000க்கு மேற்பட்ட இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நீங்கள் எடுத்திருக்கும் பொற்றாசியம் கால்வாயும் இதில் பேர்பெற்றது: அந்தாட்டிக்க ஒக்டோபசிலும் வெப்பவலய ஒக்டோபசிலும் அந்தப் பரம்பரையலகு ஏறத்தாழ ஒன்றே என்றும், குளிரில் கால்வாய் விரைந்து மூட உதவுவது ஆர்.என்.ஏ. திருத்தமே என்றும் 2012இல் காட்டினார்கள்.

ஒரு கணவாயோடு நிறுத்த வேண்டாம். சந்தைக்கு வந்து சேரும்போது அது செத்து மணிக்கணக்காகியிருக்கும், ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். படகு கரைக்கு வரும் நேரத்துக்கே போய், கண்ணுக்குப் பின்னாலுள்ள, மூளையின் பகுதியான பெரிய பார்வைச் சோணையை வெட்டி, ஆர்.என்.ஏ. பாதுகாப்புக் கரைசலில் அங்கேயே போடுங்கள். தசைத்துண்டு ஒன்றையும் அதே கணவாயிலிருந்து தனிக் குழாயில் எடுத்து, இரண்டுக்கும் ஒரே இலக்கம் இடுங்கள்.