ஃபைபர் படகில் போட்ட ஒட்டு ஏன் பெயர்கிறது?

கேள்வி: காசிமேட்டில் 28 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். கல் கொட்டிய கரையில் மோதி, அணியத்துக்குக் (முன்முனைக்குக்) கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (இறுகும் பிசின்) வைத்து மூன்று முறை ஒட்டிவிட்டோம். நான்கைந்து மாதத்தில் தகடாகப் பெயர்ந்து வந்துவிடுகிறது. எபாக்சி ரெசின் போட்டால் நிற்குமா? திரும்பக் கரைக்கக்கூடிய புது ரெசின் வந்திருக்கிறது என்கிறார்கள், அதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: பெயர்ந்து வந்த ஒட்டைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்கே பிசகியது என்பது அதிலேயே தெரியும். வழவழவென்று பளபளத்தால், பழைய பரப்பைச் சரியாகத் தேய்க்கவில்லை. வெள்ளை வெள்ளையாக இழை தெரிந்தால் ரெசின் ஊறவில்லை. டீசல் வாடை வந்தால் எண்ணெய்மேல் ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டுக்கு அடியில் காடி போலப் புளித்த வாடையோடு நீர் கசிந்தால், உள்ளே தங்கிய ஈரம் ரெசினின் மூலக்கூறுகளைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுத்துக்கொண்டிருக்கிறது. தகடாகவே கழன்று வருகிறது என்று எழுதியிருப்பதால், முதல் காரணமாகத்தான் இருக்க வேண்டும்.

படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின், ஸ்டைரீனில் கரைந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலி நெடுகிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, கோத்துக்கொள்ள நீட்டிய கைகள் போல. கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்டும் சேர்ந்து வினையைத் தொடங்கிவைத்தால், ஸ்டைரீன் அந்தப் பிணைப்புகளைக் கோத்து முழுவதையும் ஒரே வலையாக்கிவிடுகிறது. புதுப்படகு கட்டும்போது முந்தைய அடுக்கின் பிசுபிசுப்பு போவதற்குள் அடுத்த அடுக்கு விழுகிறது, அதனால் அடுக்குக்கு அடுக்கு இரசாயனப் பிணைப்பு உண்டாகிறது. பல ஆண்டு ஓடிய படகில் அந்தக் கைகள் ஏறக்குறைய எல்லாமே கோத்து முடிந்துவிட்டன. புது ரெசின் எவ்வளவு நல்லதானாலும் அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நீங்கள் கிரைண்டரால் உண்டாக்கும் கீறல்களும் ஓட்டையைச் சுற்றித் தேய்க்கும் சரிவின் பரப்பளவும்தான் அதற்குப் பிடி.

தேய்ப்பதற்கு முன் உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிவிடுங்கள். உப்பு தங்கினால் பின்னால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். காய்ந்ததும் அசிட்டோனால் துடையுங்கள். துடைத்த பிறகுதான் கிரைண்டர். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்த படகாக இருந்தால், உடைந்த ஓரத்தில் இழை வழியாக எண்ணெய் உள்ளேறியிருக்கும். கறுத்த பகுதியைத் துடைத்துத் திருப்திப்படாமல் வெட்டி எடுத்துவிடுங்கள்.

சரிவுதான் இந்த வேலைக்கு உயிர். தடிமனைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். படகின் சுவர் 6 மி.மீ. என்றால் ஓட்டையைச் சுற்றி 72 மி.மீ. சரிவு வரும். 10 செ.மீ. ஓட்டைக்கு ஒட்டு ஏறக்குறைய 24 செ.மீ. வட்டமாக விரியும். பார்க்க அதிகமாகத் தோன்றும், ஆனாலும் குறைக்காதீர்கள். 36 அல்லது 40 நம்பர் டிஸ்க் போட்டு, பளபளப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் தேயுங்கள். கண்ணாடித்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். துணி கட்டினால் போதாது, தூசிக்கான முகமூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும்.

ஈரம் போயிற்றா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இந்த அளவு ஓட்டைக்கு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டு ஆறு அடுக்கு வேண்டும். ஓர் அடுக்கு காய்ந்தால் சுமார் 1 மி.மீ. வரும். மேட்டின் எடையைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ரெசின் பிடிக்கும். சேதாரம் உட்பட மொத்தம் 250 கிராம் ரெசின் போதும். சாதாரண பாலியெஸ்டரான ஆர்த்தோ ரெசினைவிட ஐசோஃப்தாலிக் வகை தண்ணீரைத் தாங்கும், வினைல் எஸ்டர் கிடைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆக்சிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கலக்காதது என்றால், 6 விழுக்காட்டுக் கோபால்ட் கரைசலை ரெசினில் 0.2 முதல் 0.5 விழுக்காடு விட்டு நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் நேரடியாகத் தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டுக்கும் ஒரே மூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்தாதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பார்வையே போய்விடும் சரக்கு அது.

கேட்டலிஸ்ட் 1 விழுக்காடு என்றால் 250 கிராமுக்கு 2.5 கிராம், சிரிஞ்சில் ஏறத்தாழ 2.2 மில்லி. மூடியால் ஊற்றிக் குத்துமதிப்பாகக் கலப்பதில்தான் பல ஒட்டுகள் வீணாகின்றன. சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 1 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால் ரெசின் கடைசிவரை முழுதாகக் கெட்டியாகாது. அதற்குப் பதில் நிழல் கட்டுங்கள், 100 கிராம் 100 கிராமாகக் கலந்து அகலத் தட்டில் வையுங்கள். ஆழமான டப்பாவில் சூடு தேங்கி முன்னதாகவே இறுகிவிடும்.

தேய்த்த பரப்பில் முதலில் வெறும் ரெசின் பூசி, பெரிய துண்டு மேட்டை முதலில் வையுங்கள், போகப்போகச் சிறியது. பெரிய துண்டு சரிவு முழுவதையும் பற்றிக்கொள்ளும், கடைசியில் மட்டம் தேய்க்கும்போதும் அது அறுபடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. காற்றுப்படும் மேற்பரப்பில் ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால் அது பிசுபிசுவென்றே இருக்கும், கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்தால் காய்ந்துவிடும். நடுவில் மெழுகு போட்டால் அடுத்த அடுக்கு நிற்காது. ஒரு நாள் கழித்து அந்தக் கடைசிப் பூச்சை அசிட்டோன் துணியால் தேய்த்துப் பாருங்கள், பசைத்தால் கலவை அளவு தவறிவிட்டது.

எபாக்சி பழைய பாலியெஸ்டர்மேல் நன்றாகவே பிடிக்கும். மூன்று முறை தோற்ற இடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் சரிவும் ஈரச் சோதனையும் அதற்கும் அப்படியே வேண்டும். சாதாரண மேட்டின் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. ஆகவே நெய்த கண்ணாடித்துணி வாங்குங்கள். ஹார்டனர் (எபாக்சியை இறுக்கும் திரவம்) அளவை டப்பாவில் போட்டபடி தராசில் நிறுத்துப் போட வேண்டும், வேகத்துக்காகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நம் ஈரக்காற்றில் மேலே மெழுகு போல ஒரு படலம் விடும், அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிடுங்கள். எபாக்சிமேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) போடாதீர்கள், ஹார்டனரில் மிஞ்சிய அமீன் அதைச் சரியாகக் காய விடாது. பாலியுரிதேன் பெயின்ட் அடியுங்கள், வெயில் எபாக்சியை அரித்துவிடும்.

நீங்கள் கேட்ட புது ரெசின் உங்கள் ஒட்டின் சிக்கலையே வேரில் தொடுகிறது. கோத்த கை கோத்தபடியே இருப்பதுதான் பழைய ரெசினின் குறை. 2011இல் பாரிஸில் லுட்விக் லைப்லர் குழு, சூடேற்றினால் பிணைப்புகள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் எபாக்சி வலையைச் செய்துகாட்டியது. இவ்வகைக்கு விட்ரிமர் என்று பெயர். 2024இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தார், தாவர மூலங்களிலிருந்து பெறக்கூடியதும் மெத்தனாலால் பிரித்தெடுக்கக்கூடியதுமான ரெசினில் 9 மீட்டர் காற்றாலை இறக்கை செய்தார்கள். உங்கள் படகைவிட அரை மீட்டர்தான் நீளம். ஆனாலும் அவை முதலிலிருந்தே அந்த ரெசினில் கட்டிய பொருள்களுக்கு. ஏற்கெனவே பாலியெஸ்டராக இறுகிய உங்கள் படகில் அதை மேலே பூசினாலும் பழைய வலை திறக்காது. காத்திருக்க வேண்டாம். அடுத்த படகு கட்டக் கொடுக்கும்போது, ஜெல்கோட்டுக்கு அடுத்த இரண்டு அடுக்கையாவது வினைல் எஸ்டரில் போடச் சொல்லி, ரெசின் டிரம்மின் லேபிளை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.