கியர் விழவில்லையா? முதலில் எஞ்சினை நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: காலையில் முதல் கியர் விழவே மாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கச் சொல்லலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் சுலபமாக விழுந்தால் கியர் பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. பெடலை மிதித்த பிறகும் கிளட்ச் தட்டு எஞ்சினோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். இப்போது விழுகிறதா? பெடலின் அழுத்தத்தை ஃப்ளூயிட் மூலம் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கும், அல்லது பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரோ கிளட்ச் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரோ கசியும். டார்ச்சோடு குனிந்து, பெடல் கம்பி போய்ச் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் மாஸ்டர் சிலிண்டர்தான். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஃப்ளூயிட் போகிறது. அதனால் இந்தக் கசிவை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: என் வண்டியில் எஞ்சின் அணைந்திருந்தாலும் எல்லாக் கியரும் இறுக்கம்தான்.

பதில்: அப்படியென்றால் கிளட்ச் மேல் சந்தேகம் வேண்டாம். லீவரிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் கேபிள், அதன் நுனியில் உள்ள புஷ் என்ற சின்ன வளையம், இவற்றை முதலில் பாருங்கள். சின்ன வேலையாகவே முடியலாம்.

கேள்வி: மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. கருகிய வாடை வேறு.

பதில்: கிளட்ச் வழுக்குகிறது. சந்தேகம் இருந்தால் காலியான சாலையில் டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் உறுதி. கிளட்ச் கேபிளில் இயங்கும் வண்டி என்றால் பெடலில் ஃப்ரீ ப்ளே (இறுகும் முன் பெடல் சும்மா இறங்கும் கொஞ்ச தூரம்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேபிள் அதிகமாக இழுத்து வைத்திருந்தாலும் வழுக்கும்.

தட்டு மாற்றும்போது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை நான் அதைக் கவனிக்காமல் புதுத் தட்டைப் போட்டு மூடிவிட்டேன். சீல் கசிந்து புதுத் தட்டிலும் எண்ணெய் இறங்கிவிட்டது. மறுபடி முழு வேலை. அந்த அலுப்பு இன்னும் போகவில்லை.

கேள்வி: நியூட்ரலில் ஒரு ஊளைச் சத்தம். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: பெரும்பாலும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால், கிளட்ச்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங்.

கேள்வி: மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் நறநறக்கிறது. மற்ற கியரெல்லாம் வெண்ணெய்.

பதில்: கிளட்ச் கோளாறு ஒரு கியரை மட்டும் பிடித்து உலுக்காது. இது இரண்டாம் கியரின் சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்ததன் அடையாளம். ஆனால் முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர் பாக்ஸில் யாராவது ஜிஎல்-5 ஊற்றியிருக்கலாம். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சில சமயம் பித்தளை ரிங்கை அரிக்கும். வழவழப்பு கூடினாலும் ரிங் சரியாகப் பிடிக்காது. வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலுக்கு மாற்றியும் சத்தம் போகாவிட்டால் பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும். அதுவரை லீவரை நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, கிளட்ச்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டைப் போடுங்கள்.

கேள்வி: எனக்கு ரிவர்ஸ் மட்டும்தான் கரகரக்கிறது.

பதில்: வண்டி முழுசாக நின்றபின் போடுகிறீர்களா? பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. கிளட்ச்சை மிதித்து மூன்று நொடி காத்திருங்கள், அல்லது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். அப்புறமும் கரகரத்தால் மேலே முதல் பதிலில் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.